இந்த வீட்டில் மூன்று வாக்கு

செப்டெம்பர் 1, ஞாயிறு

இது போன வருடத்து டயறி. ஒரு காப்புறுதிக் கம்பனி எங்கள் பள்ளிக்கூட அதிபருக்குக் கொடுத்தது. அவர் ஒரு வருடம் மேசையில் அழகுக்கு வைத்திருந்துவிட்டு, "மனதில கிடக்கிறதை எழுதுங்கோ சிவமலர், நல்லது" என்று எனக்குத் தந்தார். தூசி தட்ட வேண்டிய சாமான் ஒன்று குறைந்தது என்று நானும் வாங்கிக்கொண்டேன். அந்தப் பள்ளிக்கூடத்தில் நான் ஊழியர். கூட்டுவது, மணி அடிப்பது, தேத்தண்ணி ஊற்றுவது, அதிபர் தொலைத்த மூக்குக்கண்ணாடியை அவருடைய நெற்றியில் கண்டுபிடிப்பது எல்லாம் என் பொறுப்பு.

டயறியில் அச்சடித்திருக்கும் கிழமைகள் இந்த வருடத்துக்குப் பொருந்தாது. அதன்படி இன்று வெள்ளிக்கிழமை. அதை நம்பி மீன்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். மத்தியானம் மகள் சாருகா சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்தாள்.

"என்னம்மா, ஞாயிற்றுக்கிழமையும் பூசணிக்காயோ?"

இனிக் கிழமையை நானே வெட்டி எழுதுவதாக முடிவு.

எழுத வந்தது வேறு. சாருகாவுக்கு ஐப்பசியில் கலியாணம். மாப்பிள்ளை கஜீபன் வவுனியாவில் மின்சார மீற்றர் வாசிக்கிறவர். அமைதியான பிள்ளை. பெண் பார்க்க வந்த அன்றைக்கும் கண் முதலில் எங்கள் மீற்றர் பெட்டிக்குத்தான் போனது. கிளிநொச்சி அச்சகக்காரர் அருள்தாஸ் அழைப்பிதழின் மாதிரியை அனுப்பியிருக்கிறார். எல்லாம் வடிவாக இருக்கிறது. பெண்ணின் தகப்பன் பெயருக்கு முன்னால் மட்டும் ஒரு கோடு விட்டிருக்கிறார். கோடு, பிறகு வல்லிபுரம் தர்மகுலசிங்கம். ஆள் உயிரோடு இருந்தால் அந்தக் கோட்டில் 'திரு' வரும். இல்லையென்றால் 'அமரர்' வரும். எது என்று நான் சொல்ல வேண்டும்.

என் மனுசன் பதினைந்து வருடத்துக்கு முன், சண்டை முடிந்த வைகாசியில், விசாரித்துவிட்டு விடுவோம் என்று சொன்னவர்களின் பஸ்ஸில் ஏறினார். "நீங்கள் முன்னால போங்கோ, நான் வாறன்" என்றார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்தில் வேலை அதிகம். அழைப்பிதழைப் பிறகு பார்க்கலாம்.

செப்டெம்பர் 3, செவ்வாய்

இருபத்தொராம் திகதி ஜனாதிபதித் தேர்தல். எங்கள் ஊரில் இத்தனை வெள்ளைச் சேட்டுகள் இருப்பது தேர்தலுக்குத் தேர்தல்தான் தெரியவருகிறது. இன்று பின்னேரம் முதல் கூட்டம் படலையைத் திறந்துகொண்டு வந்தது.

"அக்கா, இந்த வீட்டில எத்தினை வாக்கு?"

"மூண்டு."

"நீங்கள், தங்கச்சி... மற்றது?"

"எங்கட அவர்."

"ஐயா எங்க?"

"வெளியில போயிட்டார்."

"வந்தவுடன ஐயாவிட்டயும் ஒருக்காச் சொல்லிவிடுங்கோ அக்கா. எங்கட சின்னத்துக்கு நேரா ஒண்டு எண்டு போடச் சொல்லுங்கோ."

"வந்தவுடன முதல் வேலையா அதைத்தான் சொல்லுவன்" என்றேன். பாவம், நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். உள்ளே சாருகா தலையணையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

அவர்கள் தந்த நோட்டீசை வாசித்தேன். மூன்றாம் பக்கத்தில், உரத்துக்கும் மீன்பிடித் துறைமுகத்துக்கும் நடுவில், காணாமல் போனவர்களுக்குப் பதில் தருவதாக ஒரு வரி. போன தேர்தலிலும் இந்த வரி இருந்தது. அப்போது உரத்துக்கு மேலே இருந்தது. இப்போது ஓர் இடம் இறங்கியிருக்கிறது. ஆனாலும் வாசித்தேன். இரண்டு தரம் வாசித்தேன்.

செப்டெம்பர் 5, வியாழன்

சம்பந்தி ரெலிபோன் எடுத்தா. எழுத இன்று மனமில்லை.

செப்டெம்பர் 6, வெள்ளி

மாப்பிள்ளையின் தாய் புஸ்பராணி நல்ல மனுசி. கதையைத் தொடங்கினால் மட்டும் போனில் சார்ஜ் இறங்கித்தான் முடிக்க வேண்டும். நேற்று கோவில், மண்டபம், கேக் எல்லாம் முடித்து, கடைசியில் அழைப்பிதழுக்கு வந்தா.

"சிவமலர், நான் ஒண்டும் சொல்லேல்ல. ஆனா 'திரு' எண்டு போட்டா, வாற சனம் முழுக்க மணவறையைப் பாக்காமல் ஆள் எங்க எண்டு தேடும். 'அமரர்' எண்டு போட்டால் உங்கட தமையன் தாரை வாத்துக் குடுக்கிறதில ஒரு கேள்வியும் வராது. ஐயரும் கேட்டவர்."

"யோசிச்சுச் சொல்லுறன் அக்கா."

"பதினைஞ்சு வருசம் யோசிச்சிட்டியள்தானே" என்றா.

கோபத்தில் சொல்லவில்லை, கனிவாகத்தான் சொன்னா. கோபத்தில் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

சாருகாவிடம் சொன்னேன். அவள் முன்பள்ளி ரீச்சர். எந்தப் பெரிய விசயத்தையும் நாலு வயசுப் பிள்ளைக்குச் சொல்வது போலத்தான் சொல்லுவாள்.

"அம்மா, நீங்கள் எதை எழுதினாலும் எனக்கு ஓம். ஆனா ஏதாவது ஒண்டை எழுதுங்கோ. கோட்டோட கார்ட் அடிக்கேலாது."

செப்டெம்பர் 8, ஞாயிறு

இன்று ஞாயிறு என்றாலும் வாக்காளர் அட்டை கொண்டு வருவார்கள் என்று பள்ளிக்கூடத்தில் கதைத்தார்கள். காலையிலிருந்து படலையடியில் புல்லுப் பிடுங்கினேன். படலையடியில் புல்லு அதிகம்.

ஒரு விசயத்தை எழுதி வைக்க வேண்டும். வருடா வருடம் வாக்காளர் பெயர் எழுதும் படிவம் வீட்டுக்கு வரும். வீட்டில் உள்ளவர்களின் பெயரை நாங்கள்தான் நிரப்ப வேண்டும். நான் ஒவ்வொரு முறையும் அவருடைய பெயரை எழுதிவிடுவேன். ஊர்ப் பதிவு பார்க்கும் விதானையார் கேட்டால், வேலையாக வெளியில் என்பேன். அவரும் அதற்கு மேல் கேட்க மாட்டார். அப்படித்தான் தேர்தல் வந்தால் அவருக்கும் அட்டை வரும். ஜனாதிபதித் தேர்தலுக்கு மட்டும் இரண்டு அட்டை வந்துவிட்டது. பிஸ்கட் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். அரசாங்கத்திடம் நான் கேட்ட எந்தக் கேள்விக்கும் பதில் வரவில்லை. ஆனால் அதே அரசாங்கம் அவருடைய பெயரை அச்சடித்து, வந்து வாக்குப் போடு என்று வீட்டுக்கு அனுப்புகிறது. அதை நான் எப்படி எறிவது?

போன வருடம் அந்தப் படிவம் வந்தபோது எனக்கு டெங்கு. ஆஸ்பத்திரியில் கிடந்தேன். வீட்டில் இருந்து நிரப்பிக் கொடுத்தது சாருகா. அவருடைய பெயரை எழுதினாளா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாளே.

தபால்காரர் யேசுதாசன் பதினொரு மணிக்கு வந்தார். வேண்டுமென்றே மெல்ல எண்ணினார்.

"சிவமலர் அக்கா, ஒண்டு. பிள்ளைக்கு, ரெண்டு." பிறகு கையெழுத்துக் கொப்பியைத் தேடினார். பிறகு பேனையைத் தேடினார். பிறகு, "ஆ, இந்தா, அண்ணைக்கு. மூண்டு."

எனக்குச் சந்தோசமாக இருந்தது. எழுதி வைக்கிறேன், பிறகு இல்லை என்று சொல்லாமல் இருக்க. யேசுதாசனுக்கு எலுமிச்சம்பழத் தண்ணி இரண்டு கிளாஸ் கொடுத்தேன்.

சாருகா எழுதியிருக்க மாட்டாள். பழைய பெயரை வெட்ட அவர்கள் மறந்திருப்பார்கள். அரசாங்கத்தின் மறதியால் எனக்கு வந்த முதல் நன்மை இதுதான்.

செப்டெம்பர் 11, புதன்

கஜீபன் வந்து போனார். வெறுங்கையோடு வரக்கூடாது என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பழம் வாங்கி வரலாம், பிஸ்கட் வாங்கி வரலாம். இவர் ஒரு பெரிய பூட்டு வாங்கி வந்தார்.

"மாமி, படலை எப்பவும் பூட்டாமல் கிடக்குது. இப்ப கள்ளர் கூடிப்போச்சு."

"இருந்த பூட்டுத் துருப்பிடிச்சுப் போச்சுது தம்பி. அதுதான்."

"ஏழு வருசமா" என்றாள் சாருகா.

நல்ல பூட்டு. கனமாக இருக்கிறது. அலுமாரிக்குள் பத்திரமாக வைத்திருக்கிறேன். வெயில் மழையில் கிடந்து பழுதாகிவிடும்.

செப்டெம்பர் 14, சனி

இன்று இன்னொரு கட்சி. இவர்களோடு நாகேஸ்வரன் மாஸ்டரும் வந்தார். இளைப்பாறிய கணித வாத்தியார். எங்கள் அவரோடு வகுப்பில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர். தேர்தல் அன்று அந்தக் கட்சிக்கு வாக்குச்சாவடியில் ஏஜென்டாக இருக்கப் போகிறாராம். அவருடைய கணக்கில் எதுவும் தப்பாது என்பது ஊருக்கே தெரியும்.

கூட வந்தவர் கேட்டார்: "எத்தினை வாக்கு?"

நான் மாஸ்டரைப் பார்த்துக்கொண்டே, "மூண்டு" என்றேன்.

மாஸ்டர் கொப்பியைப் பார்த்துக் குனிந்தார். "ஓம், மூண்டுதான். எழுதும்" என்றார்.

போகும்போது வாக்குக்கு ஒன்று என்று கட்சிக் கலண்டர் நீட்டினார். ஒன்று போதும் என்றேன். மூன்று வைத்துவிட்டுப் போனார்.

செப்டெம்பர் 17, செவ்வாய்

பௌர்ணமி, போயா விடுமுறை. அருள்தாஸ் போன் எடுத்தார். பின்னால் மெசின் ஓடும் சத்தம்.

"அக்கா, நாளையோட தேர்தல் பிரசாரம் முடியுது. நோட்டீஸ் வேலையும் முடியுது. மெசின் இனி உங்கட பிள்ளைக்குத்தான். ஞாயிற்றுக்கிழமைக்குள்ள ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. அதுக்குப் பிறகு எண்டால் கலியாணத்துக்குப் பிறகுதான் கார்ட் வரும்."

ஒரு சொல் என்று எவ்வளவு லேசாகச் சொல்கிறார். அவர் இந்த மாதம் எத்தனை ஆயிரம் பேருக்கு விடிவு வரும் என்று அச்சடித்திருப்பார்.

இருந்து இரண்டையும் எழுதிப் பார்த்தேன். 'திரு' என்று எழுதினால் நான் பொய்க்காரி. அவர் எங்கே என்று கேட்பவர்களுக்கு வெளியில் போயிட்டார் என்று மண்டப வாசலில் நின்று சொல்ல முடியாது. 'அமரர்' என்று எழுதினால் அவரைக் கொன்றது நான். வேறு யார் என்ன செய்தார்களோ எனக்குத் தெரியாது, ஆனால் எழுத்தில் கொன்றது நான்தான். இரண்டையும் வெட்டிவிட்டேன். அழுதேன். பிறகு அரிசி களைந்தேன்.

செப்டெம்பர் 18, புதன்

ஒலிபெருக்கி ஓய்ந்தது. ஊரில் கோழி கூவுவது திரும்பவும் கேட்கிறது.

செப்டெம்பர் 20, வெள்ளி

எங்கள் பள்ளிக்கூட மண்டபம்தான் வாக்குச்சாவடி. விடியவே போய்க் கூட்டிக் கழுவினேன். மேடையில் சரஸ்வதி படத்துக்குப் பின்னால் ஒரு அணில் கூடு இருந்தது. அதை எடுக்கவில்லை. இந்தத் தேர்தலில் அணில் போட்டியிடுகிறதாக எனக்குத் தெரியவில்லை.

பதினொரு மணிக்குப் பெட்டியும் அலுவலர்களும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். பொறுப்பானவர் யாழ்ப்பாணத்து மனுசன். வந்தவுடன் கேட்ட முதல் கேள்வி, கழிப்பறை எங்கே என்பது. இரண்டாவது, சாப்பாட்டில் உறைப்புக் குறைக்கலாமா என்பது. நாட்டின் தலைவிதியைத் தாங்க வந்தவருக்கு வயிறு சரியில்லை. அவருக்குப் புறம்பாகப் பாற்கறி வைத்துக் கொடுத்தேன்.

மேசை அடுக்கும்போது ஒரு இளம் கிளாக்கர் வாக்காளர் பெயர் இடாப்பை விரித்துக் குரல் பழகினார். "இலக்கம் ஒண்டு! அருணாசலம் பத்மநாதன்!" மண்டபத்தில் எதிரொலித்தது.

"ஏன் தம்பி இவ்வளவு சத்தம்?"

"அப்பிடித்தான் அம்மா வாசிக்க வேணும். அட்டையைக் குடுத்தவுடன நான் பேரை உரக்கச் சொல்லுவன். ஏஜென்ட்மார் தங்கட இடாப்பில பாப்பினம். ஆள் மாறி வந்தால் அப்பதான் பிடிபடும்."

"ஆர் அட்டையைக் குடுத்தாலும் அந்தப் பேரை வாசிப்பீங்களோ?"

"அட்டையில என்ன கிடக்கோ அதைத்தான் வாசிப்பன்."

அந்தக் கிளாக்கருக்குப் பாயாசம் கூடக் கொஞ்சம் ஊற்றினேன். நல்ல குரல்.

வீட்டுக்கு வந்து நாளைக்கு வேண்டியதை எடுத்து வைத்தேன். என் அடையாள அட்டையும் வாக்காளர் அட்டையும் கைப்பைக்குள். அவருடையது பிஸ்கட் பெட்டிக்குள். இரண்டு தரம் பார்த்தேன். இரண்டு அட்டையிலும் அவருடைய பெயர் இருப்பதால் கவனம் வேண்டும். என்னுடையதில் தர்மகுலசிங்கம் சிவமலர். அவருடையதில் வல்லிபுரம் தர்மகுலசிங்கம். சின்ன மனுசன், ஐந்தடி மூன்று அங்குலம். பெயர் மட்டும் பஸ் நீளம்.

சாருகா வந்து பக்கத்தில் இருந்தாள்.

"அம்மா, அவை மறக்கேல்ல."

"ஆர் மறக்கேல்ல?"

"அரசாங்கம். அவை மறந்து அட்டை அனுப்பேல்ல. போன வருசம் ஃபோர்மில நான்தான் எழுதினனான்."

இந்தப் பிள்ளைக்கு அவர் போகும்போது ஒன்பது வயது. மறந்திருப்பாள், இல்லாவிட்டால் மனதைத் தேற்றியிருப்பாள், நான்தான் ஒற்றையாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

"ஏன் எழுதினனீ?"

"வீட்டில் உள்ளவர்கள் எண்டு கேட்டிருந்தது" என்றாள்.

பிறகு இரண்டு பேரும் சேர்ந்து புட்டு அவித்தோம். தேங்காய் உடைக்கும்போது என் கையில் பட்டது. அதற்காகத்தான் கண் கலங்கியது என்று சொன்னேன். அவளும் நம்பினதாகச் சொன்னாள்.

செப்டெம்பர் 21, சனி

காலை ஏழரைக்கெல்லாம் வரிசை. எனக்குப் பின்னால் சாருகா. நாகேஸ்வரன் மாஸ்டர் உள்ளே வாங்கில், இடாப்பில் கோடு போட அடிமட்டத்தோடு இருந்தார். அவருக்குப் பக்கத்தில் மற்றக் கட்சிகளின் ஏஜென்ட்மார், எல்லாம் ஊர்ச் சனம்.

என் முறை வந்தது. அவசரத்தில் கைப்பைக்குள் கையை விட்டு அகப்பட்ட அட்டையைக் கொடுத்தேன். கிளாக்கர் வாங்கினார். நேற்றுப் பாயாசம் குடித்த அதே குரல், மண்டபம் முழுக்க:

"இலக்கம் இருநூற்றுப் பதினாலு! வல்லிபுரம் தர்மகுலசிங்கம்!"

பதினைந்து வருடத்தில் அந்தப் பெயரை முழுதாக, சத்தமாக, ஊர் கேட்க ஒருவரும் சொன்னதில்லை. அலுவலகங்களில் இலக்கமாகச் சொன்னார்கள். சனம் மெதுவாகச் சொன்னது. நானும் சொன்னதில்லை, மனுசனின் பெயரைச் சொல்லிப் பழக்கமில்லை. இன்று கூரை வரை கேட்டது. அணிலுக்கும் கேட்டிருக்கும்.

மாஸ்டரின் அடிமட்டம் அந்த வரியில் வந்து நின்றது. அவர் கோடு போடவில்லை. நிமிர்ந்து வாசலைப் பார்த்தார். வாங்கில் இருந்த எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள். உண்மையாகவே யாரோ வரப்போகிறார் என்பது போல ஒரு கணம் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். பார்க்கவில்லை என்று எழுதினால் பொய்.

கிளாக்கர் அட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அம்மா, இது உங்கட அட்டை இல்லை. ஆம்பிளையின்ர பேர். இவர் எங்க?"

எனக்கு அந்த ஒரு பதில்தான் பழக்கம். வெளியில் போயிட்டார் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை.

பின்னாலிருந்து சாருகா சொன்னாள், முன்பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லும் அதே தெளிவோடு: "அவர் இன்னும் வரேல்ல."

வயிறு சரியில்லாத பொறுப்பாளர் எழும்பி வந்தார். அட்டையை வாங்கி வாசித்தார். என்னை ஏசப் போகிறார் என்று நினைத்தேன். அட்டையை மடிக்காமல் என் கையில் தந்து, "கவனமா வைச்சிருங்கோ அம்மா. உங்கட அட்டையைத் தாங்கோ" என்றார்.

பிறகு என் பெயரையும் வாசித்தார்கள். அதிலும் அவருடைய பெயர் முதலில் வந்தது. சின்ன விரலில் மை பூசினார்கள். சீட்டு முழங்கை நீளம் இருந்தது. யாருக்கு ஒன்று போட்டேன் என்பதை டயறியிலும் எழுத மாட்டேன், இரகசிய வாக்கு. ஆனால் போட்டேன். அந்தப் பதில் தருவதாகச் சொன்ன வரியை யார் மற்றவர்களைவிடக் கொஞ்சம் மேலே போட்டிருந்தார்களோ, அவர்களுக்கு.

வெளியில் வந்ததும் சாருகா கேட்டாள்: "தவறுதலாத்தானேம்மா குடுத்தனீங்கள்?"

"பின்னே? தவறுதலாத்தான்."

"பிஸ்கட் பெட்டிக்குள்ள இருந்த கார்ட், தவறுதலா கைப்பைக்குள்ள வந்திட்டுது."

"வயசு போகுதுதானே பிள்ளை" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு வீடு வரை சிரித்துக்கொண்டு வந்தாள். பாதி வழியில் அழுதாள். பிறகு திரும்பவும் சிரித்தாள்.

செப்டெம்பர் 22, ஞாயிறு

எல்லோரும் ரேடியோவுக்கு முன்னால் முடிவு கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அருள்தாஸுக்குப் போன் எடுத்தேன்.

"தம்பி, அந்தக் கோட்டை எடுத்துவிடுங்கோ."

"எடுத்திட்டு என்ன போடுறது அக்கா? திருவோ, அமரரோ?"

"ஒண்டும் போட வேண்டாம். வல்லிபுரம் தர்மகுலசிங்கம். வாக்காளர் அட்டையில கிடக்கிற மாதிரி, பேர் மட்டும்."

"மாப்பிள்ளையின்ர தகப்பனுக்குத் திரு கிடக்கு. இது பாக்க மொட்டையா இருக்குமேயக்கா."

"மொட்டையா இருக்கட்டும். எங்களுக்கு அது அப்பிடித்தானே இருக்கு."

மெசினை நிறுத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "எழுத்தைக் கொஞ்சம் பெரிசாப் போட்டு விடுறன் அக்கா" என்றார்.

சம்பந்திக்கும் நானே சொன்னேன். தாரை வார்ப்பது என் தமையன்தான், அதில் மாற்றமில்லை. சனம் கேட்டால், இன்னும் வரவில்லை என்று நானே சொல்லுவேன், ஒருவரும் அவவைக் கேட்கத் தேவையில்லை என்றேன். புஸ்பராணி முதல்முறையாக ஒரு நிமிடத்தில் போனை வைத்தா. கோபமோ என்று நினைத்தேன். பிறகு கஜீபன் சொன்னார், அம்மா அழுகிறா என்று. அவவின் தம்பி ஒருவரும் அப்படித்தானாம். எங்களுக்கு ஒரு நாளும் சொன்னதில்லை.

ஜனாதிபதி வந்துவிட்டார் என்று பின்னேரம் வெடி கொளுத்தினார்கள்.

ஒக்டோபர் 2, புதன்

அழைப்பிதழ்கள் வந்தன. பெயர் உண்மையில் பெரிதாகத்தான் இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் பெயரைவிட ஒரு சுற்றுப் பெரிது. ஐந்தடி மூன்று அங்குல மனுசனுக்கு இது அதிகம், ஆனால் அவருக்குப் பிடிக்கும்.

சாருகாவும் நானும் இருந்து விலாசம் எழுதினோம். முதலாவது உறையை அவள் எடுத்தாள். 'திரு. வ. தர்மகுலசிங்கம்' என்று எழுதினாள்.

"இதில மட்டும் ஏன் திரு?"

"அழைக்கிற ஆளுக்கு மரியாதை வேண்டாமோ அம்மா?"

விலாசத்துக்கு எங்கள் வீட்டையே எழுதினாள். முத்திரை ஒட்டி, இரண்டு பேரும் சந்திப் பெட்டிக்குள் போட்டுவிட்டு வந்தோம். யேசுதாசன் வெள்ளிக்கிழமை கொண்டு வருவாராம். படலையடியில் திரும்பவும் கொஞ்சம் புல்லு முளைத்திருக்கிறது.